இரைப்பை-உணவுக்குழாய் எதுக்களிப்பு நோய்

இரைப்பை-உணவுக்குழாய் எதுக்களிப்பு நோய் என்பது, இரைப்பையில் உள்ள அமிலமும் பிற பொருட்களும் உணவுக்குழாய்க்குள் மேல்நோக்கித் திரும்பி வருவதனால் தொல்லை தரும் அறிகுறிகளோ உடற்சிக்கல்களோ உண்டாகும் நிலை ஆகும். நெஞ்செரிச்சலும், புளித்த அல்லது கசந்த நீர் தொண்டை வரை எதுக்களித்து வருவதும் இதன் முதன்மையான அறிகுறிகளாகும். பேச்சு வழக்கில் இது அசிடிட்டி, வாயுத் தொல்லை, கேஸ், அல்சர் எனப் பல பெயர்களால் குறிக்கப்படுகின்றது. ஆயினும் இப்பெயர்கள் யாவும் ஒரே நோயைக் குறிப்பவை அல்ல.

இந்நோய் உள்ளவர்களுள் பெரும்பாலோருக்கு இரைப்பை அமிலம் மற்றவர்களைக் காட்டிலும் மிகுதியாகச் சுரப்பதில்லை. இருக்க வேண்டிய இடத்தை விட்டு, தன்னைத் தாங்கும் ஆற்றல் இல்லாத இடத்திற்கு அமிலம் செல்வதே சிக்கலாகும். எனவே இது அடிப்படையில் சுரப்புக் கோளாறு அன்று; தடுப்பிதழ் ஒன்றின் கோளாறு எனலாம். இவ்வேறுபாட்டை அறிந்திருப்பது, இந்நோயை இரைப்பைப் புண், இரைப்பை அழற்சி, இதய நோய் முதலியவற்றில் இருந்து பிரித்தறியவும், மருந்துகள் எதைச் செய்யும், எதைச் செய்யா என்பதை விளங்கிக் கொள்ளவும் உதவும்.

பெயரும் வரையறையும்

எதுக்களித்தல் என்பது உண்டது வாந்திக்குரிய முயற்சி இன்றித் தானாகவே மேலெழுந்து வருதலைக் குறிக்கும் தமிழ்ச் சொல் ஆகும். வாந்தியின்போது குமட்டலும் வயிற்றுத் தசைகளின் வலிந்த சுருக்கமும் இருக்கும். எதுக்களிப்பில் அவை இரா.

உணவு உண்டபின் சிறிதளவு எதுக்களிப்பு நல்ல உடல்நலம் உடையவர்களிடமும் நிகழ்கின்றது. அது பெரும்பாலும் உணரப்படுவதே இல்லை. அது தொல்லை தரும் அளவுக்கு அடிக்கடி நிகழும்போது அல்லது உணவுக்குழாயைச் சேதப்படுத்தும்போது மட்டுமே நோய் எனக் கொள்ளப்படும். 2006 இல் வெளியிடப்பட்ட மொண்ட்ரியால் வரையறையும் இதே கருத்தை அடிப்படையாகக் கொண்டது.

இயல்பான அமைப்பு

இரைப்பையின் அமிலம்

இரைப்பையின் சுவரில் உள்ள சுவர் உயிரணுக்கள் ஐதரோகுளோரிக் அமிலத்தைச் சுரக்கின்றன. நாளொன்றுக்குச் சுமார் 1.5 முதல் 2 லிட்டர் வரை இரைப்பை நீர் சுரக்கின்றது. வெறும் வயிற்றில் இதன் பி.எச் மதிப்பு ஏறத்தாழ 1.5 முதல் 3.5 வரை இருக்கும். பி.எச் அளவுகோல் மடக்கை அளவுகோல் ஆதலால், பி.எச் 2 உள்ள நீர்மத்தில் ஐதரசன் அயனிகளின் செறிவு தூய நீரில் உள்ளதைப் போல் 1,00,000 மடங்கு ஆகும்.

இவ்வமிலம் வீணாகச் சுரப்பதன்று. உணவோடு உட்செல்லும் நுண்ணுயிரிகளில் பலவற்றை இது கொல்கின்றது. புரதத்தைச் செரிக்கும் பெப்சின் என்னும் நொதி தொழிற்படுவதற்கு ஏற்ற சூழலை அமைக்கின்றது. இரும்பு, உயிர்ச்சத்து பி12 ஆகியவற்றை உடல் ஏற்றுக்கொள்ளவும் துணை செய்கின்றது.

இத்துணை வலிய அமிலம் இரைப்பையையே அரித்து விடாமல் இருப்பதற்குக் காரணம் அதன் உட்புறச் சவ்வு ஆகும். அதன் மேல் கோழைப் படலம் ஒன்றும், அப்படலத்தினுள் பைகார்பனேட்டும் உள்ளன. புரோசுடாகிளாண்டின் எனும் வேதிப்பொருட்கள் இக்காப்பைப் பேணுகின்றன. உணவுக்குழாயின் உட்புறமோ தோலைப் போன்று தட்டையான உயிரணு அடுக்குகளால் ஆனது. உணவு உராய்ந்து செல்வதைத் தாங்குவதற்கு அது ஏற்றது. நெடுநேரம் அமிலத்தில் தோய்ந்திருப்பதற்கு ஏற்றதன்று.

தடுப்பு அமைப்பு

வளர்ந்தவர்களில் உணவுக்குழாய் ஏறத்தாழ 25 செ.மீ நீளமுள்ள தசைக்குழாய் ஆகும். அது மார்பறையின் வழியே இறங்கி, உதரவிதானத்தில் உள்ள துளையைக் கடந்து இரைப்பையை அடைகின்றது. மூச்சை உள்ளிழுக்கும்போது மார்பறையின் அழுத்தம் குறைகின்றது. வயிற்றறையின் அழுத்தமோ அதைவிட உயர்ந்தே இருக்கும். நீர்மம் உயர் அழுத்தத்தில் இருந்து தாழ் அழுத்தத்திற்குச் செல்லும் இயல்புடையது. ஆகவே தடுப்பு ஏதும் இல்லாவிடின், ஒவ்வொரு மூச்சிலும் இரைப்பை நீர் மேலே உறிஞ்சப்படும். இதனைத் தடுப்பவை பின்வருவன:

* கீழ் உணவுக்குழாய்ச் சுருக்குதசை: உணவுக்குழாயின் அடியில் 3 முதல் 4 செ.மீ நீளத்தில் அமைந்துள்ள வளையத்தசைப் பகுதி. ஓய்வு நிலையில் மூடியிருக்கும். விழுங்கும்போது மட்டும் சில விநாடிகள் திறக்கும். இதன் இயல்பான ஓய்வு அழுத்தம் ஏறத்தாழ 10 முதல் 30 மி.மீ பாதரசம் ஆகும்.
* உதரவிதானத்தின் தசைக்கற்றைகள்: இவை சுருக்குதசையைச் சுற்றி வெளிப்புறத்தில் இருந்து நெருக்குகின்றன. இருமும்போதும் குனியும்போதும் மூச்சிழுக்கும்போதும் இந்நெருக்கம் கூடுகின்றது.
* இணையும் கோணம்: உணவுக்குழாய் இரைப்பையுடன் சாய்வாக இணைவதால், இரைப்பையின் மேற்பகுதி நிறையும்போது இணைப்பிடத்தில் மடிப்பு போன்ற ஓர் அடைப்பு உண்டாகின்றது.

இத்தடையைக் கடந்து அமிலம் மேலே வந்தாலும் அதனை அகற்றும் வழிகள் உள்ளன. உணவுக்குழாயின் அலையியக்கம் அதனைக் கீழே தள்ளுகின்றது. விழுங்கப்படும் உமிழ்நீரில் உள்ள பைகார்பனேட்டு எஞ்சியதை நடுநிலையாக்குகின்றது. நின்றிருக்கும்போதும் அமர்ந்திருக்கும்போதும் புவியீர்ப்பும் துணை நிற்கின்றது. உறக்கத்தில் உமிழ்நீர்ச் சுரப்பும் விழுங்குதலும் குறைந்து, படுத்த நிலையில் புவியீர்ப்பின் துணையும் இல்லாது போவதால், இரவில் நிகழும் எதுக்களிப்பு கூடுதல் சேதத்தை விளைவிக்கின்றது.

நோய் உண்டாகும் முறை

சுருக்குதசை எப்பொழுதும் தளர்ந்து கிடப்பதே இந்நோய்க்குக் காரணம் என்று முன்னர்க் கருதப்பட்டது. சிலருக்கு அது உண்மையே. ஆனால் பெரும்பாலான எதுக்களிப்பு நிகழ்வுகள், இயல்பான வலுவுடைய சுருக்குதசை விழுங்காத வேளையிலும் சற்று நேரம் தானே தளர்ந்து திறப்பதனால் உண்டாகின்றன. இது தற்காலிகத் தளர்வு எனப்படும். இரைப்பையில் சேரும் காற்றை ஏப்பமாக வெளியேற்றுவதற்கு உடல் கொண்டுள்ள இயல்பான வழி இதுவேயாகும். இரைப்பையின் மேற்பகுதி விரிவடையும்போது வேகசு நரம்பின் வழியாக இத்தளர்வு தூண்டப்படுகின்றது. வயிறு புடைக்க உண்டபின் நெஞ்செரிச்சல் மிகுவதற்கு இது ஒரு காரணம் ஆகும்.

உண்ட உணவு அமிலத்தை ஓரளவு நடுநிலையாக்கி விடும் என்பதால், உணவுக்குப் பின்னரே எரிச்சல் கூடுவது முரணாகத் தோன்றலாம். புதிதாகச் சுரக்கும் அமிலம் உணவுடன் முழுமையாகக் கலக்காமல் இரைப்பையின் மேற்பகுதியில், சுருக்குதசைக்கு அண்மையில் ஒரு படலமாகத் தங்குவது கண்டறியப்பட்டுள்ளது. இது அமிலப் பை என்று அழைக்கப்படுகின்றது. சுருக்குதசை திறக்கும்போது முதலில் மேலே செல்வது இந்த அமிலமேயாகும்.

மருத்துவர்கள் ஹையேட்டஸ் ஹெர்னியா என்று குறிப்பிடும் உதரவிதானத் துளைப் பிதுக்கம் மற்றொரு முக்கிய காரணம் ஆகும். இதில் இரைப்பையின் மேற்பகுதி உதரவிதானத் துளையின் வழியே மார்பறைக்குள் ஏறி விடுகின்றது. அதனால் சுருக்குதசையும் உதரவிதானமும் ஒன்றன்மேல் ஒன்றாக அமையாமல் விலகி, இரண்டும் சேர்ந்து தந்த காப்பு குறைகின்றது. சிறிய பிதுக்கம் உள்ள பலருக்கு எவ்வித அறிகுறியும் இராது.

இடர்க்காரணிகள்

* உடற்பருமன், குறிப்பாக வயிற்றுப் பகுதியில் சேரும் கொழுப்பு. இது வயிற்றறையின் அழுத்தத்தைக் கூட்டுகின்றது.
* கருவுற்றிருத்தல். புரோசெசுட்டரோன் இயக்குநீர் சுருக்குதசையைத் தளர்த்துகின்றது. வளரும் கருப்பை அழுத்தத்தைக் கூட்டுகின்றது.
* புகைபிடித்தல். இது சுருக்குதசையின் அழுத்தத்தையும் உமிழ்நீரின் அளவையும் குறைக்கின்றது.
* மது அருந்துதல், கொழுப்பு மிகுந்த உணவு, ஒரே வேளையில் மிகுதியாக உண்ணுதல், உண்டவுடன் படுத்தல்.
* சில மருந்துகள். உயர் குருதி அழுத்தத்திற்குத் தரப்படும் கால்சியம் வழித்தடுப்பிகள், நெஞ்சுவலிக்கான நைட்ரேட்டுகள், ஆசுத்துமாவுக்கான தியோபிலின் ஆகியவை சுருக்குதசையைத் தளர்த்தக் கூடியவை.

காரம், புளி, காப்பி, தேநீர், சாக்லேட்டு, தக்காளி ஆகியவை அறிகுறிகளைத் தூண்டுவதாகப் பலர் உணர்கின்றனர். இது ஆளுக்கு ஆள் வேறுபடும். காரமான உணவு புண்பட்ட உணவுக்குழாயில் எரிச்சலை மிகுவிக்கும். ஆயினும் அதுவே இந்நோயின் மூலகாரணம் என்று கூற இயலாது.

அறிகுறிகள்

பொதுவான அறிகுறிகள்

மார்பெலும்பின் பின்னால், மேல் வயிற்றில் இருந்து தொண்டையை நோக்கிப் பரவும் எரிச்சல் இந்நோயின் அடையாளம் ஆகும். இது உணவுக்குப் பின்னும், குனியும்போதும், படுக்கும்போதும் மிகும். புளித்த ஏப்பம், வாயில் கசந்த நீர் ஊறுதல் ஆகியவையும் காணப்படும். சிலருக்கு வாயில் திடீரெனப் பெருமளவு உமிழ்நீர் சுரப்பதும் உண்டு.

நாட்பட்ட வறட்டு இருமல், குரல் கம்மல், தொண்டையில் ஏதோ அடைத்திருப்பது போன்ற உணர்வு, பற்களின் எனாமல் அரிப்பு, ஆசுத்துமா மிகுதல் ஆகியவையும் இந்நோயுடன் தொடர்புடையனவாக இருக்கலாம். எனினும் இவற்றுக்கு வேறு காரணங்களும் பல உள்ளமையால், நெஞ்செரிச்சல் இல்லாதபோது இவற்றை எதுக்களிப்பின் விளைவு என்று உடனே முடிவு செய்வதில்லை.

எச்சரிக்கை அறிகுறிகள்

பின்வருவன இருப்பின் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிச் சமாளிப்பதைத் தவிர்த்து, காலந்தாழ்த்தாமல் மருத்துவச் சோதனை செய்ய வேண்டும்:

* விழுங்குவதில் தடை, அல்லது விழுங்கும்போது வலி
* காரணம் இன்றி உடல் எடை குறைதல்
* குருதி வாந்தி, அல்லது காப்பித்தூள் நிறத்தில் வாந்தி
* தார் போன்று கருத்த மலம்
* குருதிச்சோகை
* விடாத வாந்தி
* நடுத்தர வயதிற்குப் பின் முதன்முறையாகத் தோன்றும் செரிமானத் தொல்லை

மாரடைப்புடன் குழப்பம்

இதயத்தில் இருந்தும் உணவுக்குழாயில் இருந்தும் வலியுணர்வைக் கொண்டு செல்லும் நரம்புகள் தண்டுவடத்தின் ஏறத்தாழ ஒரே பகுதிகளைச் சென்றடைகின்றன. அதனால் இவ்விரண்டின் வலியும் நெஞ்சில் ஒன்று போலவே உணரப்படலாம். வாயுப் பிடிப்பு என்று கருதி சோடா அருந்திப் படுத்தவருக்கு உண்மையில் இருப்பது மாரடைப்பாக இருக்கக்கூடும் என்பதே இந்நோயைப் பற்றி அறிய வேண்டியவற்றுள் மிகவும் இன்றியமையாதது.

நெஞ்சை அழுத்துவது போன்ற வலி, இடது தோள், கை, தாடை, முதுகு ஆகியவற்றிற்குப் பரவுதல், வியர்வை, மூச்சுத் திணறல், நடக்கும்போதோ படியேறும்போதோ வலி தோன்றி ஓய்வில் குறைதல் ஆகியவை இதய நோயைச் சுட்டும். நீரிழிவு உள்ளவர்கள், பெண்கள், முதியோர் ஆகியோரில் மாரடைப்பு, வலி இன்றி மேல் வயிற்று உறுத்தல், குமட்டல், களைப்பு என்ற அளவிலேயே வெளிப்படலாம். அமில முறிப்பு மருந்து குடித்தபின் வலி குறைந்தது என்பது இதய நோய் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. ஐயம் எழும்போது முதலில் இதய மின்னலைப் பதிவு எடுத்துப் பார்ப்பதே முறையாகும்.

சிக்கல்கள்

உணவுக்குழாய் அழற்சி: அமிலமும் பெப்சினும் உணவுக்குழாயின் உட்சவ்வை அரிப்பதால் உண்டாவது. இதன் கடுமை, லாசு ஏஞ்சலிசு வகைப்பாட்டின்படி நான்கு படிகளாகப் பிரிக்கப்படுகின்றது. முதற்படியில் சவ்வின் பிளவுகள் 5 மி.மீ நீளத்தைத் தாண்டுவதில்லை. நான்காம் படியில் அவை குழாயின் சுற்றளவில் 75 விழுக்காடோ அதற்கு மேலோ பரவியிருக்கும்.

உணவுக்குழாய்ச் சுருக்கம்: நாட்பட்ட அழற்சி ஆறும்போது தழும்பு உண்டாகி உணவுக்குழாய் குறுகுதல். முதலில் திட உணவை விழுங்குவது கடினமாகும். உள்நோக்கியின் வழியே பலூன் கொண்டு இதனை விரிக்கலாம்.

பாரெட்டு உணவுக்குழாய்: நெடுங்காலம் அமிலம் படுவதன் விளைவாக, உணவுக்குழாயின் அடிப்பகுதியில் தட்டையான உயிரணுக்களுக்கு மாறாகக் குடலில் உள்ளவை போன்ற தூண்வடிவ உயிரணுக்கள் தோன்றுதல். இவை அமிலத்தைத் தாங்க வல்லவை. அதனால் சிலருக்கு நெஞ்செரிச்சல் குறைந்தது போலவும் தோன்றலாம். ஆனால் இந்நிலை, சுரப்பிப் புற்றுநோயின் முன்னோடியாக அமையக் கூடியது. உயிரணுப் பிறழ்வு இல்லாதவர்களில் இவ்வாறு புற்றுநோயாக மாறும் வாய்ப்பு ஆண்டுக்கு ஒரு விழுக்காட்டிற்கும் குறைவே ஆகும். எனவே இது கண்டறியப்பட்டவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் குறித்த கால இடைவெளியில் உள்நோக்கிச் சோதனை செய்துகொள்ளுதல் வேண்டும்.

உணவுக்குழாய்ப் புற்றுநோயில் இரு முதன்மை வகைகள் உள்ளன. எதுக்களிப்புடன் தொடர்புடையது சுரப்பிப் புற்றுநோய் ஆகும்; இது மேலை நாடுகளில் மிகுதி. இந்தியாவில் கூடுதலாகக் காணப்படுவது செதிள் உயிரணுப் புற்றுநோய் ஆகும். அதற்குப் புகையிலை, மது, வெற்றிலை பாக்கு மெல்லுதல் ஆகியவை முக்கிய காரணிகள்.

நோயறிதல்

எச்சரிக்கை அறிகுறிகள் இல்லாதவர்களில், நோயாளி கூறும் அறிகுறிகளைக் கொண்டே முதலில் மருத்துவம் தொடங்கப்படுகின்றது. சில வாரங்கள் அமிலச் சுரப்பைக் குறைக்கும் மருந்தைத் தந்து விளைவு நோக்கப்படும். பயன் கிட்டாவிடினும், ஐயம் இருப்பினும் பின்வரும் சோதனைகள் செய்யப்படும்:

* உள்நோக்கிச் சோதனை: எண்டோஸ்கோப்பி எனப் பரவலாக அறியப்படுவது. வளையும் குழாயின் முனையில் உள்ள ஒளிப்படக் கருவி மூலம் உணவுக்குழாய், இரைப்பை, முன்சிறுகுடல் ஆகியவற்றை நேரில் காணலாம். தேவைப்படின் சிறு திசுத்துண்டும் எடுக்கலாம். நெஞ்செரிச்சல் உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இச்சோதனையில் அரிப்பு எதுவும் தென்படுவதில்லை. ஆகவே சோதனை முடிவு இயல்பாக இருப்பதால் மட்டும் நோய் இல்லை என்றாகாது.
* அமில அளவீடு: மூக்கின் வழியே செலுத்தப்படும் மெல்லிய கம்பியோ, உணவுக்குழாயில் பொருத்தப்படும் கம்பியில்லாச் சிறு கருவியோ, 24 முதல் 96 மணி நேரம் வரை பி.எச் மதிப்பைப் பதிவு செய்யும். மொத்த நேரத்தில் 4 விழுக்காட்டிற்கும் குறைவாகவே பி.எச் மதிப்பு 4 ஐ விடத் தாழ்ந்திருப்பின் அது இயல்பு எனவும், 6 விழுக்காட்டிற்கு மேற்படின் நோய் எனவும் கொள்ளப்படும்.
* அழுத்த அளவீடு: விழுங்கும்போது உணவுக்குழாய்த் தசைகளும் சுருக்குதசையும் இயங்கும் முறையை அளப்பது. அறுவை மருத்துவத்திற்கு முன் இது செய்யப்படுகின்றது.

ஒத்த அறிகுறிகள் கொண்ட பிற நோய்கள்

இரைப்பைப் புண்ணும் இரைப்பை அழற்சியும்

இங்குப் பழுதடைவது தடுப்பிதழ் அன்று. இரைப்பை அல்லது முன்சிறுகுடல் சவ்வின் காப்பு ஆகும். இதற்கு இரு முதன்மைக் காரணங்கள் உள்ளன. முதலாவது, ஹெலிக்கோபேக்டர் பைலோரி என்னும் பாக்டீரியா. இது யூரியேசு என்ற நொதியால் யூரியாவைச் சிதைத்து அமோனியாவை உண்டாக்கி, தன்னைச் சூழ்ந்துள்ள அமிலத்தை நடுநிலையாக்கிக் கொண்டு உயிர்வாழ்கின்றது. இரண்டாவது, ஆசுப்பிரின், ஐபுபுரூபன், டைக்குளோபினாக்கு போன்ற வலிநீக்கிகள். இவை புரோசுடாகிளாண்டின் உற்பத்தியைத் தடுப்பதனால் இரைப்பை தன் காப்பை இழக்கின்றது.

மூட்டுவலிக்கு நாள்தோறும் வலிநீக்கி உட்கொள்ளும் முதியவர் ஒருவருக்கு எவ்வித வலியும் இன்றியே புண் உண்டாகி, குருதிக் கசிவு ஏற்படலாம். பாக்டீரியாத் தொற்றை மூச்சுச் சோதனை, மலச் சோதனை, திசுச் சோதனை ஆகியவற்றால் கண்டறிந்து, நுண்ணுயிர் எதிர்ப்பிகளால் முழுமையாகக் குணப்படுத்த இயலும். தொற்றை அகற்றாமல் அமிலக் குறைப்பு மருந்தை மட்டும் உட்கொண்டால் புண் ஆறும். மருந்தை நிறுத்தியபின் மீண்டும் வரும். இத்தொற்று எதுக்களிப்பு நோய்க்குக் காரணம் அன்று என்பது குறிப்பிடத்தக்கது.

செயற்பாட்டுச் செரியாமை

உண்ணத் தொடங்கியவுடன் வயிறு நிறைந்து விட்ட உணர்வு, உண்டபின் உப்புசம், மேல் வயிற்றில் வலி அல்லது எரிச்சல் ஆகியவை இருந்தும், சோதனைகளில் புண்ணோ அழற்சியோ தென்படாத நிலை. இரைப்பையின் இயக்கமும் நரம்புகளின் உணர்திறனும் மாறுபடுவதால் இது உண்டாகின்றது.

அக்கலேசியா

இது எதுக்களிப்பு நோய்க்கு நேர் எதிரானது. இதில் சுருக்குதசை விழுங்கும்போதும் முறையாகத் திறப்பதில்லை. உணவுக்குழாயின் அலையியக்கமும் இழக்கப்படுகின்றது. திட உணவு, நீர் ஆகிய இரண்டையும் விழுங்குவது கடினமாகும். தேங்கிய உணவு புளித்து எரிச்சலை உண்டாக்குவதால் இது எதுக்களிப்பு நோய் எனத் தவறாகக் கருதப்படுவது உண்டு. ஆங்கிலேய மருத்துவர் தாமசு வில்லிசு 17 ஆம் நூற்றாண்டிலேயே இதனை விவரித்துள்ளார்.

பிற

உணவு ஒவ்வாமையுடன் தொடர்புடைய ஈசினோபில் உணவுக்குழாய் அழற்சி இளைஞர்களிடம் உணவு சிக்கிக் கொள்ளுதலாக வெளிப்படும். டாக்சிசைக்கிளின், எலும்புத் தேய்வுக்கான அலெண்டுரோனேட்டு முதலிய மாத்திரைகளைப் போதிய நீர் இன்றி விழுங்கிப் படுத்தால், அவை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணை உண்டாக்கலாம். பித்தப்பைக் கல், கணைய அழற்சி ஆகியவையும் மேல் வயிற்று வலியைத் தரும். உண்மையாகவே அமிலம் மிகையாகச் சுரக்கும் சோலிங்கர்-எலிசன் நோய்த்தொகை மிக அரிதானது. இது காசுட்ரின் இயக்குநீரைச் சுரக்கும் கட்டியினால் உண்டாகின்றது.

மருத்துவம்

வாழ்க்கை முறை மாற்றங்கள்

உடல் எடை மிகுந்தவர்களில் எடையைக் குறைத்தல் நல்ல பலன் தருகின்றது. இரவு உணவிற்கும் உறக்கத்திற்கும் இடையே 2 முதல் 3 மணி நேர இடைவெளி தேவை. இரவில் தொல்லை உள்ளவர்கள் கட்டிலின் தலைப்பக்கக் கால்களை 15 முதல் 20 செ.மீ உயர்த்தலாம். தலையணைகளை அடுக்கிப் படுப்பது இதற்கு ஈடாகாது. அதில் உடல் இடுப்பில் மடிவதால் வயிற்றின் அழுத்தம் கூடவே செய்யும். இடப்பக்கம் சாய்ந்து படுக்கும்போது இரைப்பை உணவுக்குழாயின் வாயிலுக்குத் தாழ அமைவதால் எதுக்களிப்பு குறைகின்றது. புகையை விடுதலும், தனக்குத் தொல்லை தருவதாகத் தானே கண்டறிந்த உணவை மட்டும் தவிர்த்தலும் போதுமானவை. எல்லா உணவையும் ஒதுக்கும் கடும் பத்தியம் தேவையில்லை.

சோடா அருந்தினால் ஏப்பம் வந்து சற்று இளைப்பாறல் கிட்டும். ஆனால் அக்காற்று இரைப்பையை விரித்து, சுருக்குதசையை மீண்டும் திறக்கச் செய்கின்றது. பால் அமிலத்தைச் சிறிது நேரம் நடுநிலையாக்கினும், அதன் புரதமும் கால்சியமும் பின்னர் அமிலச் சுரப்பைத் தூண்டுகின்றன. சமையல் சோடாவில் சோடியம் மிகுதியாதலால், உயர் குருதி அழுத்தமோ சிறுநீரக நோயோ உள்ளவர்களுக்கு அது உகந்ததன்று.

மருந்துகள்

* அமில முறிப்பிகள்: அலுமினியம், மக்னீசியம் ஐதராக்சைடுகள், கால்சியம் கார்பனேட்டு ஆகியவை. விரைவில் வேலை செய்யும். குறைந்த நேரமே நீடிக்கும். அலுமினியம் மலச்சிக்கலையும் மக்னீசியம் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கக் கூடும் என்பதால் இரண்டும் சேர்த்தே தரப்படுகின்றன.
* ஆல்சினேட்டு: பழுப்புக் கடற்பாசியில் இருந்து பெறப்படுவது. இரைப்பையில் உள்ள உணவின் மேல் மிதக்கும் படலத்தை உண்டாக்கி அமிலப் பையை மூடுகின்றது.
* எச்2 தடுப்பிகள்: பெமோட்டிடின் முதலியன. இசுட்டமின் வழியாக அமிலச் சுரப்பு தூண்டப்படுவதைத் தடுக்கின்றன. தொடர்ந்து உட்கொண்டால் இவற்றின் ஆற்றல் குறைகின்றது. இவ்வகையைச் சேர்ந்த ரானிட்டிடினில் என்.டி.எம்.ஏ என்னும் மாசு கண்டறியப்பட்டமையால், 2020 இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் அதனைச் சந்தையில் இருந்து நீக்கக் கோரியது.
* புரோட்டான் ஏற்றித் தடுப்பிகள்: ஓமிபிரசோல், பான்டோபிரசோல், ராபிபிரசோல், ஈசோமிபிரசோல் முதலியன. சுவர் உயிரணுக்களில் அமிலத்தை வெளியேற்றும் ஏற்றியையே செயலிழக்கச் செய்கின்றன. அரிப்புள்ள அழற்சியைப் பெரும்பாலோரில் 8 வாரங்களில் ஆற்ற வல்லவை.
* பொட்டாசியத்துடன் போட்டியிடும் அமிலத் தடுப்பிகள்: வோனோபிரசான் முதலிய புதிய மருந்துகள். விரைந்து வேலை செய்பவை. உணவு நேரத்தைச் சாராதவை.

புரோட்டான் ஏற்றித் தடுப்பிகள், இயங்கிக் கொண்டிருக்கும் ஏற்றிகளை மட்டுமே பற்றிக் கொள்ளும். ஏற்றிகள் உணவின்போது முனைப்புடன் இயங்குவதால், இம்மருந்தை உணவுக்கு 30 முதல் 60 நிமிடங்களுக்கு முன் உட்கொள்ள வேண்டும். உணவுக்குப் பின்னரோ படுக்கும்போதோ உட்கொள்வதே, மருந்து பயனளிக்கவில்லை என்ற முறையீட்டிற்குப் பொதுவான காரணங்களுள் ஒன்றாகும். முழுப்பயன் கிட்டச் சில நாட்கள் ஆகும்.

இம்மருந்துகள் எதுக்களிப்பைத் தடுப்பதில்லை; எதுக்களிக்கும் நீரின் அமிலத்தன்மையையே குறைக்கின்றன. ஆதலால் எரிச்சல் நின்றபின்னும் நீர் மேலே வருவது சிலருக்குத் தொடரலாம். பல மாதங்கள் உட்கொண்டபின் திடீரென நிறுத்தினால், அமிலச் சுரப்பு சில காலம் முன்னிலும் மிகும். அதனை நோய் திரும்பி விட்டது எனக் கருதி மருந்தைத் தொடர்பவர்கள் உளர். படிப்படியாகக் குறைப்பது இதற்குத் தீர்வாகும். நெடுங்காலப் பயன்பாடு உயிர்ச்சத்து பி12, மக்னீசியம் ஆகியவற்றின் குறைவுடனும், சில குடல் தொற்றுகளுடனும் தொடர்புபடுத்தப்பட்டுள்ளது. கடும் அழற்சி, பாரெட்டு உணவுக்குழாய் ஆகியவை உள்ளவர்களுக்கு இவற்றால் விளையும் நன்மை இவ்விடர்களைக் காட்டிலும் பெரிது. தேவை இன்றி ஆண்டுக்கணக்கில் உட்கொள்பவர்களுக்கே இது சிந்திக்க வேண்டிய செய்தியாகும்.

இந்தியாவில் பான்டோபிரசோலுடன் டோம்பெரிடோன் சேர்ந்த கூட்டு மாத்திரை பரவலாகப் பயன்படுகின்றது. டோம்பெரிடோன் இதயத் துடிப்பின் ஒழுங்கைப் பாதிக்கக் கூடும் என்பதால், 2014 இல் ஐரோப்பிய மருந்துகள் முகமை அதன் பயன்பாட்டைக் குமட்டல், வாந்தி ஆகியவற்றிற்கும் குறுகிய காலத்திற்கும் என வரையறுத்தது.

அறுவை மருத்துவம்

இரைப்பையின் மேற்பகுதியை உணவுக்குழாயின் அடியைச் சுற்றிப் போர்த்தித் தைப்பதன் மூலம் தடுப்பிதழை வலுப்படுத்தலாம். இது தற்போது வயிற்றில் சிறு துளைகள் இட்டுச் செய்யப்படுகின்றது. மருந்து பயனளித்தும் வாழ்நாள் முழுதும் உட்கொள்ள விரும்பாதவர்களுக்கும், பெரிய பிதுக்கம் உள்ளவர்களுக்கும் இது பொருந்தும். விழுங்குவதில் கடினம், ஏப்பம் விட இயலாமை, வயிறு உப்புதல் ஆகியவை இதன் பின்விளைவுகளாகலாம்.

கைக்குழந்தைகளில்

பால் குடித்தபின் கக்குதல் கைக்குழந்தைகளின் இயல்பு ஆகும். சுருக்குதசை முதிராமை, நீர்ம உணவு, படுத்தே இருத்தல் ஆகியவை இதற்குக் காரணங்கள். ஏறத்தாழ 4 மாத வயதில் இது உச்சமடைந்து, பெரும்பாலான குழந்தைகளில் 12 முதல் 18 மாதங்களுக்குள் மறைந்து விடுகின்றது. எடை சீராகக் கூடி வரும் குழந்தைக்கு மருந்து தேவையில்லை. எடை கூடாமை, பச்சை நிற வாந்தி, குருதி, பால் குடிக்க மறுத்தல், பீய்ச்சியடிக்கும் வாந்தி ஆகியவை இருப்பின் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வரலாறு

இரைப்பை நீரில் உள்ளது ஐதரோகுளோரிக் அமிலமே என்பதை ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் புரவுட்டு 1823 இல் அறிவித்தார். அமெரிக்கப் படை மருத்துவர் வில்லியம் பியூமாண்டு, துப்பாக்கிக் குண்டினால் வயிற்றில் துளை ஏற்பட்டு அது மூடாமலே பிழைத்திருந்த அலெக்சிசு செயின்ட்டு மார்ட்டின் என்பவரின் இரைப்பையை நேரில் நோக்கிச் செய்த ஆய்வுகளை 1833 இல் நூலாக வெளியிட்டார்.

உணவுக்குழாயின் அழற்சிக்கு இரைப்பை நீர் காரணமாகலாம் என்பதை 1935 இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஆசர் விங்கெல்சுட்டீன் எடுத்துரைத்தார். 1950 இல் ஆசுத்திரேலியாவில் பிறந்த பிரித்தானிய அறுவை மருத்துவர் நார்மன் பாரெட்டு, தம் பெயரால் பின்னர் அழைக்கப்பட்ட நிலையை விவரித்தார். தூண்வடிவ உயிரணுக்கள் கொண்ட அப்பகுதி மார்பறைக்குள் இழுக்கப்பட்ட இரைப்பையே என்று அவர் முதலில் கருதினார். அது உணவுக்குழாயே என்பதைப் பின்னர் 1957 இல் ஏற்றுக்கொண்டார். ருடோல்ப் நிசன் என்பவர் 1955 இல் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் இரைப்பையைப் போர்த்தித் தைக்கும் அறுவையை இந்நோய்க்காகச் செய்தார்.

சேம்சு பிளாக்கின் ஆய்வுகளின் பயனாக உருவான சிமெட்டிடின் 1976 இல் பிரித்தானியாவில் விற்பனைக்கு வந்தது. அவருக்கு 1988 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அதே ஆண்டில் முதல் புரோட்டான் ஏற்றித் தடுப்பியான ஓமிபிரசோல் சுவீடனில் அறிமுகமானது.

ஆசுத்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பேரி மார்சல் ஆகியோர் 1982 இல் ஹெலிக்கோபேக்டர் பைலோரியை வளர்த்தெடுத்தனர். மன உளைச்சலும் காரமான உணவுமே புண்ணுக்குக் காரணம் என்று மருத்துவ உலகம் நம்பியிருந்த காலம் அது. 1984 இல் மார்சல் அப்பாக்டீரியாக் கரைசலைத் தாமே குடித்து, சில நாட்களில் இரைப்பை அழற்சிக்கு உள்ளானார். இருவரும் 2005 இல் நோபல் பரிசு பெற்றனர். நாட்பட்ட நோய் எனக் கருதப்பட்ட இரைப்பைப் புண், இரு வார மருந்தால் குணமாகக் கூடியது என்ற நிலை இதனால் உருவாயிற்று. எதுக்களிப்பு நோயில் அத்தகைய முழுத்தீர்வு மருந்தால் இன்னும் கிட்டவில்லை. தடுப்பிதழைச் சீராக்கும் மருந்து எதுவும் பொதுப் பயன்பாட்டில் இல்லாமையே இதற்குக் காரணம் ஆகும்.

இவற்றையும் பார்க்க

* இரைப்பை
* உணவுக்குழாய்
* உதரவிதானம்
* குடற்புண்
* மாரடைப்பு